பின் ஹெடரையும் ஓவனிலேயே சோல்டர் செய்யலாம்

மலேசியாவில் எங்கள் பாடாங் செராய் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு டைமர் போர்டு செய்து கொடுத்தேன். பொடிப் பாகங்கள் எல்லாம் போர்டின் மேலேயே உட்காருபவை. பின் ஹெடர், அதாவது வயர் செருகுவதற்காக வரிசையாகக் கம்பிக் கால்கள் நிற்கும் துண்டு மட்டும், ஓட்டைக்குள் கால் விட்டு நிற்கும் சாதி. அதற்காகத் தனியாக சோல்டர் ஐர்னைச் சூடாக்குவானேன்? சோல்டர் பொடியும் ஃபிளக்ஸும் கலந்த பசையான பேஸ்டைத் தடவி, ஹெடரையும் பொடிப் பாகங்களோடு ஓவனில் ஒரே சூட்டில் முடிக்கலாம். தொழிற்சாலைகளில் இதைப் 'பின் இன் பேஸ்ட்' என்பார்கள்.

முதலில் ஹெடரைப் பாருங்கள். மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் பி.பி.டி. பிளாஸ்டிக்தான், அது 223 டிகிரி வாக்கில் உருகும். ஈயமில்லாத சோல்டருக்கு ஓவன் 240-ஐத் தொட வேண்டும். நான் அப்படிச் செய்த முதல் ஹெடர், வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி வளைந்து நின்றது. அந்தச் சூட்டைத் தாங்கும் எல்.சி.பி. பிளாஸ்டிக்கில் கேட்டு வாங்குங்கள். பழகும்வரை 183 டிகிரியில் உருகும் 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37) ஈயப் பேஸ்ட் போதும். ஆனால் அந்த ஓவனில் அப்புறம் ரொட்டி சுடக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள்.

பேஸ்ட் டப்பாவைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே முத்து முத்தாகப் படிந்துவிடும். மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

இனிதான் உண்மையான வேலை. கூலிம் தொழிற்சாலையில் பல வருடம் போர்டு அடுக்கிய அக்கா என் முதல் போர்டைப் பார்த்துவிட்டு, "பேஸ்ட் பார்க்கத்தான் நிறைய தம்பி, அதில் ஈயம் பாதிதான்" என்றார். ஈயம் என்று அவர் சொன்னது சோல்டர் உலோகத்தை, பாதி என்பது கன அளவில். மீதி, சோல்டர் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ், சூட்டில் அது ஒதுங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.6 மி.மீ. போர்டில் 1.1 மி.மீ. ஓட்டை என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 1.5 கன மி.மீ. 0.64 மி.மீ. சதுரக் கால் அதில் 0.65-ஐ அடைத்துக்கொள்ளும். மிச்சம் 0.87-ஐ ஈயம் நிரப்ப வேண்டும். பேஸ்ட் அதற்கு இரண்டு மடங்கு. மேலும் கீழும் கூம்பு நிற்கக் கொஞ்சம் சேர்த்தால் 2 கன மி.மீ. வரும். பேஸ்டைத் தேய்த்துப் பூசும் துளைத் தகடான ஸ்டென்சில் 0.15 மி.மீ. தடிப்பு என்றால், அதில் ஒவ்வொரு காலுக்கும் 2.2-க்கு 6 மி.மீ. திறப்பு வெட்டினால் சரியாக இருக்கும். பேஸ்ட், ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையமான பேடைத் தாண்டிப் பச்சைப் பூச்சின் மேலும் படிகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்தப் பூச்சில் ஈயம் ஒட்டாது. உருகியதும் தானாகவே காலை நோக்கி ஓடி வந்துவிடும். ஸ்டென்சில் இல்லையா? ஊசிக்குழாயால் ஓட்டையை நிரப்பி, மேலே ஒரு மேடு வையுங்கள்.

பொடிப் பாகங்களை வைத்து முடித்ததும் ஹெடரை நேராக இறக்குங்கள். கால் அடியில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீண்டால், அது தள்ளிக்கொண்டு போகும் பேஸ்ட் நுனியிலிருந்து சொட்டிவிடும். 3 மி.மீ. கால் போதும். போர்டின் நான்கு மூலைக்கும் அடியில் ஒவ்வொரு போல்ட் நட்டை வைத்துத் தட்டிலிருந்து உயர்த்துங்கள்.

வெப்பமானியின் கம்பியை ஹெடரின் ஓரத்தில் சூடு தாங்கும் கேப்டான் (Kapton) டேப்பால் ஒட்டுங்கள். அந்த இடம்தான் கடைசியில் சூடேறும். 150 டிகிரிவரை மெதுவாக ஏற்றி, ஒன்றரை நிமிடம் அங்கேயே விடுங்கள். பிறகு 210 - 215 வரை ஏற்றுங்கள். 183-க்கு மேல் ஒரு நிமிடம் நின்றால் போதும். பேஸ்டின் சாம்பல் நிறம் சட்டென்று வெள்ளி மாதிரி மினுங்கி, ஓட்டைக்குள் இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஆறவிடுங்கள். சூட்டில் போர்டை அசைக்காதீர்கள்.

ஆறியதும் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு காலைச் சுற்றியும் சின்னக் கூம்பு தெரிய வேண்டும். எங்காவது பள்ளம் இருந்தால் பேஸ்ட் போதவில்லை. ஐர்னால் ஒரு தொடு தொட்டு நிரப்பலாம். உங்கள் போர்டில் ரிலேயோ பெரிய எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரோ இருந்தால், அவை ஓவனுக்கு ஆகாது. அவற்றை மட்டும் கடைசியில் ஐர்னால் சோல்டர் செய்துவிடுங்கள்.