சபைக்கூச்சம் தெளிய: முதல் நன்றியுரைக்கு ஒரு செய்முறை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் படித்தவர்களுள் பேச்சுப்போட்டிக்கென எதையாவது மனனம் செய்யாதவர் அரிது. ஆயினும் வளர்ந்தபின் ஐந்து நிமிடம் பேசும்படி கேட்டால் பலர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்து விடுகின்றனர். அந்த மனனமே இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒன்பதாம் தரத்தில், ஆசிரியர் எழுதித் தந்த பேச்சை ஒப்புவித்துக்கொண்டு போகையில் எனக்கு ஒரேயொரு ‘ஆதலால்’ தவறியது. அதற்கு அப்பால் இருந்த எதுவும் வாயில் வரவில்லை. வசனங்கள் என்னுடையவை அல்ல என்பதால் வேறு சொற்களால் சமாளிக்கவும் தெரியவில்லை.

முதலில், சிறிய வாய்ப்பொன்றைக் கேட்டு வாங்குங்கள். ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவிலோ அலுவலக வாணி விழாவிலோ நன்றியுரைக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். அது தொடங்கும்போது சபையிற் பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பழகுபவருக்கு இதைவிட வசதியான சபை கிடையாது.

அடுத்து, அஞ்சலட்டை அளவான மட்டையொன்றில் குறிப்பெழுதுங்கள். பெரிய தாள் கை நடுக்கத்தைச் சபைக்குக் காட்டிக் கொடுக்கும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் முழுமையாக எழுதி, அவற்றை மட்டும் மனனம் செய்யுங்கள். இடையில் வருபவற்றுக்குச் சொற்கள் போதும். ‘மழை, பந்தல், இளைஞர்’ என்று எழுதியிருந்தால், “நேற்றைய மழையிற் சரிந்த பந்தலை இரவோடிரவாக நிமிர்த்தித் தந்த எங்கள் இளைஞர்களுக்கு” என்று உங்கள் வாயே வசனத்தைக் கட்டிக்கொள்ளும். நன்றி கூறவேண்டியவர்களின் பெயர்களை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள்; பெயர் விடுபட்ட கோபம் நம் ஊரில் இலேசில் ஆறாது.

பிறகு, எழுந்து நின்று உரத்துச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் வாசிப்பது பயிற்சியாகாது. ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறினால் நல்லது. கருத்து உங்களுடையதாகி விட்டதென்று பொருள். கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேட்கும்போது குரல் அந்நியமாகத் தோன்றினால் அஞ்சவேண்டாம். நம் குரலை நாம் மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் கேட்டுப் பழகியிருக்கிறோம். பதிவில் அந்த அதிர்வு இல்லை. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமையன்று, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிற் பிரசங்கத்தைத் தொடங்கி, வெள்ளிதோறும் அதைத் தொடர்ந்தார். அவரது புலமை நமக்கு வாய்க்காவிட்டாலும், அந்த வாரந்தவறாத ஒழுங்கை நாமும் பின்பற்றலாம்.

விழாவன்று நேரத்தோடு சென்று, ஒலிவாங்கியைத் தட்டாமல் அதில் ஒரு வசனம் பேசிப் பாருங்கள். அதை ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னே பிடித்தால் கீச்சிடும்.

பெயர் அழைக்கப்பட்டதும் நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும். உடல் ஆபத்துக்கு ஆயத்தமாகும்போது அதிரினலின் சுரப்பதால் நேர்வது இது. தேர்ந்த பேச்சாளர்களுக்கும் நேர்கிறது. உள்ளிழுப்பதைவிட நீளமாக மூச்சை வெளிவிட்டால் இதயத்துடிப்பு சற்றுத் தணியும்; இருக்கையில் இருந்தபடியே நாலைந்து தடவை அப்படிச் செய்யலாம். மேடையேறியதும் உடனே பேசாமல், தெரிந்த முகமொன்றைப் பார்த்துவிட்டு அவை வணக்கத்தை ஆறுதலாகச் சொல்லுங்கள். “தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே” என்ற அந்த வரிசையைப் பலர் அலுப்பென்பர். பதற்றம் கூடிய முதல் அரை நிமிடத்தை யோசிக்கத் தேவையில்லாத சொற்களோடு கடக்க உதவுவதால், தொடக்கக்காரருக்கு அது பெரும் உபகாரம்.

இடையிற் சொல் மறந்தால் மன்னிப்புக் கேட்காமல் மட்டையைப் பாருங்கள். உங்களுக்கு யுகமாகத் தோன்றும் அந்த மூன்று விநாடி, சபைக்கு ஒரு மூச்சு வாங்கும் நேரமே.

இறங்கி வந்தபின், முகத்துக்காகப் பேசாத ஒருவரிடம், “எப்படி இருந்தது?” என்று கேட்காமல், “எந்த இடம் விளங்கவில்லை?” என்று கேட்டு, அவர் சொல்வதை அந்த மட்டையின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.