வெங்காயத் தோலில் பசுங்கணிகம் வரையாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். செல் பாடம் முடிந்து முதல் தேர்வு வைத்தால் வருஷா வருஷம் அதே தவறுகள்தான். படிக்காததால் வருகிற தவறுகள் இல்லை இவை. படித்ததை எந்தச் செல் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் எழுதிவிடுவதால் வருகிறவை.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உரித்த தோலை நுண்ணோக்கியில் தாங்களே பார்த்த பிறகும், வரையச் சொன்னால் பாதிப் பேர் உள்ளே பச்சைப் பசேலென்று, வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பசுங்கணிகம் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "தாவர செல்லில் இருக்கும்ல மிஸ்?" மண்ணுக்குள் வெளிச்சமே படாமல் கிடக்கிற வெங்காயத்துக்கு அது எதற்கு? புத்தகத்தில் உள்ள 'தாவர செல்' படம் எந்தச் செடியிலும் அப்படியே கிடைக்காது. கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி அது. சொந்தபந்தம் எல்லாம் ஒரே படத்தில் நிற்கும், ஆனால் தினமும் அத்தனை பேரும் ஒரே வீட்டில் இருப்பதில்லை.

இதே கதைதான் ரத்தச் சிவப்பணுவிலும். எல்லாச் செல்லிலும் நியூக்ளியஸ் உண்டு என்று எழுதினால் தவறு. மனிதனின் சிவப்பணு முதிரும்போது நியூக்ளியஸையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. சரி என்று அதைத் திருத்தினால், அடுத்த தேர்வில் 'சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது' என்று பொதுவாக எழுதி வருவார்கள். துறைமுகத்தில் வாங்கி வந்த வஞ்சிரத்தின் சிவப்பணுவில் நியூக்ளியஸ் இருக்கிறது. கோழிக்கும் தவளைக்கும் இருக்கிறது. அதனால் 'பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணு' என்று முழுசாக எழுதுங்கள்.

மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டு தவறு. தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பாகப்பிரிவினை செய்வது ஒன்று. தாவரத்துக்கு இரண்டும் உண்டு. பசுங்கணிகம் சர்க்கரையைச் செய்கிறது, அந்தச் சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுக்க மைட்டோகாண்ட்ரியா வேண்டும். இன்னொன்று, 'ஆற்றலை உருவாக்குகிறது' என்று எழுதுவது. நெய்வேலியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே ஆற்றலை யாரும் புதிதாக உண்டாக்கவில்லை, பழுப்பு நிலக்கரியில் இருப்பதை மின்சாரமாக மாற்றுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவும் உணவில் இருப்பதை, செல் செலவழிக்கக்கூடிய ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றித்தான் தருகிறது. குளுக்கோஸ் நேராக அதற்குள் போவதும் இல்லை. வெளியே சைட்டோபிளாசத்திலேயே உடைந்து, பைருவேட் என்ற சிறு மூலக்கூறாகத்தான் உள்ளே நுழைகிறது. ஒரு மதிப்பெண் கேள்விகளில் நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது.

செல் சுவரையும் செல் சவ்வையும் குழப்பிக்கொள்வது ஊறுகாயில் தெரிந்துவிடும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறது. 'உப்பு செல்லுக்குள் புகுந்து தண்ணீரை வெளியே தள்ளியது' என்று எழுதுவார்கள். அப்படியில்லை. வெளியே உப்பு அதிகமாக இருப்பதால், உள்ளே இருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியேறுகிறது. அப்புறம் 'செல் சுவர் சுருங்கியது' என்று ஒரு வரி வரும். சுவர் பெரும்பாலும் அப்படியே நிற்கும்; சவ்வுதான் சுவரை விட்டு உரிந்து உள்வாங்கும். அந்த இடைவெளியில் என்ன இருக்கும் என்று கேட்டால் 'காற்று', 'வெற்றிடம்' என்று பதில் வருகிறது. இருப்பது வெளியில் உள்ள அதே உப்புக் கரைசல்தான், ஏனென்றால் சுவர் அதைத் தடுக்காது. பிச்சாவரத்தில் அலையாத்தி மரங்கள் உப்புத் தண்ணீரில் நின்றும் வாடாமல் இருப்பது எப்படி என்று இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். அவற்றில் சில மரங்கள் உப்பை இலை வழியாகக் கசியவிடுகின்றன.

செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தவறவே விடக்கூடாதது. அதன் அமைப்பை ஆராய்ந்து 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ், அதன் துணை அலகுகள் 50எஸ், 30எஸ். அவர் குழு படமெடுத்தது இந்த 30எஸ் அலகைத்தான். கூட்டினால் 80 வருகிறதே என்று அச்சுப்பிழையாக நினைத்துப் புத்தகத்திலேயே திருத்தி வைத்த மாணவன் ஒருவன் எனக்கு இருந்தான். எஸ் என்பது எடை இல்லை. மையவிலக்குக் கருவியில் சுற்றும்போது துகள் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதைக் குறிக்கும் ஸ்வெட்பெர்க் அலகு. இரண்டு பஸ்ஸைச் சேர்த்துக் கட்டினால் எடை கூடும், வேகம் கூடுமா?

உயிரி மூலக்கூறுகளுக்கு வந்தால், கூட்டல் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஃபிரக்டோஸிலும் அதே கணக்கு. இரண்டும் சேர்ந்த சுக்ரோஸில் 24 ஹைட்ரஜன், 12 ஆக்சிஜன் என்று எழுதிவிடுகிறார்கள். இணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுவதால் 22, 11 என்பதுதான் சரி. புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களிலும் இப்படித்தான்: 10 சேர்ந்த ஒரு சங்கிலியில் அவற்றை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகள் 9. கொழுப்பு, எண்ணெய் போன்ற லிப்பிடுகளைப் பாலிமர் (சிறு அலகுகள் கோத்த நீளச் சங்கிலி) பட்டியலில் சேர்க்காதீர்கள். முட்டை வேகும்போது இந்தப் பெப்டைடு பிணைப்புகள் உடைவதில்லை, புரதத்தின் மடிப்புதான் கலைகிறது.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பை வைத்து ஒன்று சொல்வேன். சாற்றில் இருப்பது சர்க்கரை. சக்கையில் அதிகம் இருக்கிற செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான். சோற்றில் உள்ள ஸ்டார்ச்சும் அதேதான். கோத்திருக்கும் விதம் வேறு என்பதால் சோறு நமக்குச் செரிக்கிறது, சக்கை செரிப்பதில்லை. ஆகவே 'செல்லுலோஸில் குளுக்கோஸ் இல்லை' என்று எழுதாதீர்கள். வெள்ளைச் சர்க்கரையை, குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளைக் காட்டிக்கொடுக்கும் பெனடிக்ட் கரைசலில் சூடாக்கி, செங்கல் நிறம் வரவில்லையே என்று பதறவும் வேண்டாம். சுக்ரோஸ் அந்தச் சோதனைக்குப் பதில் சொல்லாது. வெல்லத்தில் கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பிரிந்து கிடப்பதால் அது நிறம் காட்டும்.

அயோடின் சோதனையில் கோட்டை விட்டது நான்தான். வடித்த கையோடு ஆவி பறக்கும் கஞ்சியை மாடிக்குக் கொண்டுபோய், நீலம் வரும் பாருங்கள் என்று பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து அயோடினை விட்டேன். வரவில்லை. ஸ்டார்ச்சின் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால்தான் நீலம். சூட்டில் அது உட்காராது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கஞ்சியை ஓரமாக வைத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டேன். கால் மணி கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "மிஸ், நீலமாயிடுச்சு."