கணுக்கால் சுளுக்கா, முறிவா? என் அனுபவம்

கோணேசர் கோயில் படியிறங்கும்போது தங்கச்சிக்குக் கால் பிரண்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெளிக்கணு முட்டை போல வீங்கியது. வீக்கத்தை வைத்து முறிவு என்று சொல்ல முடியாது. மோசமான சுளுக்கும் அப்படித்தான் வீங்கும். எங்கே நோகிறது என்பதுதான் முக்கியம்.

கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையா என்று அறிய, கனடா டாக்டர்கள் 1992இல் வெளியிட்ட ஒட்டாவா விதிப்படி பார்த்தேன். வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 சென்ரிமீற்றர் வரை விரலால் அமத்தினேன். உட்கணுவையும் அப்படியே. அப்புறம் பாதத்தின் வெளியோரம் நடுவில் புடைத்திருக்கும் எலும்பு, உட்பக்க வளைவுக்கு மேலுள்ள எலும்பு. எதிலும் நோகவில்லை. வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால், கீழே உள்ள பள்ளத்தைத் தொட்டதும் “ஐயோ அக்கா” என்று கத்தினாள். அது தசைநார் இருக்கும் இடம். நொண்டியென்றாலும் நாலு எட்டு வைத்தாள். சரி, சுளுக்குத்தான்.

துணியில் சுற்றிய ஐஸ், அளவான கட்டு, தலையணை மேல் கால். பெரியம்மா எண்ணெய் போட்டு உருவ வந்தார். முதல் இரண்டு மூன்று நாள் உருவக் கூடாது என்று மறித்தேன்.

எலும்பில் நொந்தாலோ, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, விரல்கள் மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் இப்படி அமத்திப் பார்த்து முடிவெடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.