செக் என்ஜின் லைட் எரிகிறது, வண்டி திணறுகிறது: புதுக் காயில் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்தாலும் சரி, தை அறுவடை தொடங்கினாலும் சரி, டெல்டா பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கு இந்தப் புகார் வந்துகொண்டே இருக்கும். மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிகிறது, நின்றால் ஸ்டியரிங் உதறுகிறது, பாலம் ஏறினால் இழுவை இல்லை. மழைக்காலத்தில் பெரும்பாலும் தண்ணீர், அறுவடைக் காலத்தில் எலி. இந்த இரண்டையும் பார்க்காமல் காயில் (சிலிண்டருக்கு ஒன்றாக, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்), சென்சார் என்று மாற்ற ஆரம்பித்தால் பணம்தான் கரையும். இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதற்கு வழி வேறு.

விளக்கு நின்று எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா

நின்று எரிந்தால், ஆயில் விளக்கும் டெம்பரேச்சர் விளக்கும் எரியாதவரை மெதுவாக ஓட்டி வீடு போய்ச் சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உள்ளே உருகிவிடும். காயிலைவிடப் பல மடங்கு விலை அது. நம்மூரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே வைக்கோல் காயும். வண்டிக்கடியில் சுற்றிக்கொண்ட வைக்கோல் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். விளக்கு மின்னும் வண்டியை வைக்கோல்மேல் ஏற்றவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

வெள்ளத்தில் இறங்கி நின்றுபோன வண்டி என்றால் செல்ஃப் போடவே கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அந்த வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கோடு எடுத்தல்

கோளாறு தெரிந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு கோடு, அதாவது குறியீட்டு எண், பதிந்து வைக்கும். அதைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று போதும். இஎல்எம்327 என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் "2.1" என்று போட்டு வரும் நகல்களைத் தவிருங்கள், பல வண்டிகளோடு அவை பேசாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகையைப் பார்த்து வாங்க வேண்டும். செருகியும் ஸ்கேனரில் விளக்கு வரவில்லையா? சிகரெட் லைட்டர் ஃபியூஸைப் பாருங்கள், பல வண்டிகளில் இரண்டுக்கும் அதே ஃபியூஸ்தான்.

சாவியை ஆனில் வைத்துக் கோடுகளைப் படியுங்கள். படித்ததும் உடனே அழித்துவிடாதீர்கள்! கோடு பதிவான நொடியில் ஆர்பிஎம், சூடு, லோடு எவ்வளவு என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதி பிடித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அது சரியாக எரியவில்லை. பி0302 இரண்டாவது, இப்படியே. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்றில்லாமல் அங்குமிங்கும் மிஸ் ஆகிறது. குறுக்காகப் பொருத்திய என்ஜின்களில் பெரும்பாலும் பெல்ட் இருக்கும் பக்கம்தான் முதல் சிலிண்டர். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கூடவே வந்தால் அதை மாற்றச் சொல்வார்கள். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் அதைத் தொடவே வேண்டாம்.

கோடு பழுதான பாகத்தைச் சொல்வதில்லை. எங்கே கோளாறு தெரிந்தது என்று மட்டும் சொல்லும். பி0302 வந்ததும் இரண்டாம் காயிலை ஆர்டர் போடுவது இங்கேதான் தவறாகிறது.

பானெட்டைத் திறந்து

ஆறிய என்ஜினில் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப் புழுக்கை, நெல் உமி, கடித்துப்போட்ட பஞ்சு எதுவாவது கிடந்தால் காயில், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), ஆக்சிஜன் சென்சார் ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள். மேலே பார்த்தால் முழுசாகத் தெரியும் ஒயர் அடிப்பக்கம் பல் பட்டுச் செம்பு தெரிய நிற்கும். அறுந்ததை முறுக்கி டேப் சுற்றுவது நிற்காது. சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் டியூப் போட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் கனெக்டர் பின்னிலும் எர்த் போல்ட்டிலும் பச்சைக் களிம்பு ஏறும், அதையும் பாருங்கள்.

மாற்றிப் போட்டுப் பார்த்தல்

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. பி0302 வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

சாவியை எடுத்துவிட்டு இரண்டாம் காயிலின் கனெக்டர் லாக்கை அமுக்கிக் கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் சூட்டில் மொறுமொறுப்பாகியிருக்கும், ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உடையும். பெரும்பாலும் 10 எம்எம் போல்ட் ஒன்றுதான். காயிலை லேசாகத் திருகி மேலே இழுங்கள். ரப்பர் பூட் ஈரமாக இருந்தாலோ, பிளக் குழிக்குள் தண்ணீர் மின்னினாலோ காரணம் கிடைத்துவிட்டது. மழையில் மட்டுமல்ல, வாட்டர் சர்வீஸில் என்ஜின்மேல் பிரஷரில் அடித்தாலும் இப்படி ஆகும். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் நின்றால் டாப்பெட் கவர் பக்கம் சீல் கசிகிறது, அதை மாற்ற வேண்டும்.

பிளக்கைக் கழற்றும் முன் குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்வது கட்டாயம். இல்லாவிட்டால் மண்ணும் தண்ணீரும் நேரே சிலிண்டருக்குள் விழும். கம்ப்ரஸர் இல்லையென்றால் துணியைத் திரித்து விட்டு உறிஞ்சி எடுங்கள்.

காய்ந்த பின்னும் மிஸ் ஆகிறதா? இரண்டாம் காயிலை மூன்றாவதிலும், மூன்றாம் காயிலை இரண்டாவதிலும் போடுங்கள். இப்போது கோடை அழித்து, ஐந்து நிமிடம் ஐடிலிங் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். பி0303 வந்தால் காயில்தான், தயங்காமல் வாங்கலாம். பி0302 அப்படியே நின்றால் காயிலில் குற்றமில்லை. அடுத்து பிளக்கை மட்டும் இதேபோல் மாற்றிப் பாருங்கள். காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், கோடு இடம்மாறினாலும் எது குற்றவாளி என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்று.

என்ஜின் ஓடும்போது காயிலை உருவிப் பார்ப்பது பழைய மெக்கானிக் பழக்கம். ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும், காயிலும் கெடும். வேண்டாம்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் சுற்றுகளைக் கையால்தான் திருக வேண்டும். பிளக் தலையில் ஒரு ரப்பர் ஓஸைச் செருகித் திருகினால், மரை தவறினாலும் ஓஸ் வழுக்கிவிடும், அலுமினிய ஹெட் தப்பிக்கும். வாஷர் வைத்த 14 எம்எம் புது பிளக் என்றால் கையால் உட்கார்ந்த பின் அரைச் சுற்று. பழையதைத் திரும்பப் போட்டால் 30 டிகிரி போதும். பிளக் முனையின் இடைவெளி (கேப்) எவ்வளவு என்பதை உங்கள் வண்டி மேனுவலில் பார்த்து ஃபீலர் கேஜால் சரிபாருங்கள். கண் அளவு உதவாது.

காயில், பிளக் இரண்டும் நல்லது என்றால் இன்ஜெக்டர் ஒயர், பிறகு இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்). இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் பியூயல் ரெயிலைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். "பி0302, காயிலும் பிளக்கும் மாற்றிப் பார்த்தாச்சு" என்று சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

பி0300 அல்லது பி0171 என்றால்

எல்லா சிலிண்டரும் ஒன்றாகத் திணறினால் பெட்ரோலையும் காற்றையும் சந்தேகியுங்கள். பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும், மழைக்காலத்தில் பாதி டேங்கோடு நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு இது வரும்.

பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். ஸ்கேனரில் லாங் டேர்ம் பியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதம்) பாருங்கள். ஐடிலிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ வேக்யூம் ஓஸ் (என்ஜின் காற்று உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய்) கசிகிறது. எலி கடித்த ஓஸ்தான் முதல் சந்தேகம். ஆர்பிஎம் கூடக்கூட டிரிமும் கூடினால் பியூயல் ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள். மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) மட்டும் உள்ள வண்டிகளில் ஓஸ் கசிந்தால் டிரிம் பெரிதாக ஏறாது, ஐடிலிங் ஆர்பிஎம்தான் கூடும்.

சிஎன்ஜி வண்டி கேஸில் மட்டும் உதறி, பெட்ரோலில் ஒழுங்காக ஓடுகிறதா? கேஸுக்கு ஸ்பார்க் பலமாக வேண்டும், தேய்ந்த பிளக் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிளக்கிலிருந்து தொடங்குங்கள்.

எலிக்குப் புகையிலைக் கட்டு வைப்பார்கள். வாடை போனதும் எலி திரும்பும், கட்டு பெல்ட்டில் விழுந்தால் வேறு வம்பு. களத்து ஓரம், வைக்கோல் போர் ஓரம் நிறுத்தாமல், ராத்திரி பானெட்டைத் திறந்து ஒரு விளக்கு எரியவிடுவது அதைவிட நல்லது. பேட்டரியிலிருந்து விளக்கு எடுக்காதீர்கள், வீட்டு லைனிலிருந்து எடுங்கள்.