பர்மாவுக்குப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி

முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் போனவரின் பதக்கம் அடியில் எங்காவது கிடக்கலாம். கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! எங்கள் அத்தை பொங்கலுக்குப் பொங்கல் குத்துவிளக்கோடு சேர்த்து விளக்கியதில், நட்சத்திரப் பதக்கத்தின் பின்புற எழுத்தே போய்விட்டது. நல்லவேளை, வெள்ளி மாதிரி இருந்த வட்டப் பதக்கத்தை அவர் தொடவில்லை. அது 1939-45 போர்ப் பதக்கம். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் படியுங்கள். 'எஸ் அண்ட் எம்' (சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) என்றிருந்தால் பாலமும் சாலையும் போட்ட சாப்பர். எங்கள் சின்னத்தாத்தா அதுதான்.

அப்புறம் பெரியவர்களிடம் பேசுங்கள். எந்த வருஷம் போனார் என்று கேட்டால் பதில் வராது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று 1942 ஏப்ரலில் மெட்ராஸைக் காலி செய்தார்களே, அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். "பின்னாலதான்டா. பட்டணத்து ஜனம் நம்ம ஊர்ல வந்து தங்கிட்டுத் திரும்பினப்புறம்தான் சித்தப்பா கிளம்பினார்" என்றார் அத்தை. வீட்டில் பாதிப் பேர் அவர் சிங்கப்பூரில் செத்தார் என்பார்கள், பாதிப் பேர் பர்மா என்பார்கள். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-லேயே வீழ்ந்தாயிற்று. வழக்கு முடிந்தது.

திரும்பி வராதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், காசு கிடையாது. தொல்லை எழுத்துக்கூட்டலில்தான். முனுசாமி என்ற பெயரையே வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் மூனூஸ்வாமி, முனிசாமி என்று காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு, பதக்க விளிம்பில் படித்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பல பதிவுகளில் அப்பா அல்லது மனைவி பெயரும் ஊரும் இருக்கும். அது பொருந்தாமல் யாரையும் உறவாக்கிக்கொள்ளாதீர்கள். நான் அவசரப்பட்டு வேறு யாரோ ஒருவருக்கு மாலை போட்ட படம் அச்சடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன்.

கல்லறை இல்லையே என்று பதறவும் வேண்டாம். இந்து வீரர்கள் பலரை எரித்துவிட்டதால் பெயர் மட்டும் நினைவுச் சுவரில் இருக்கும். நாகாலாந்தின் கொஹிமாவில் அப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவகமே உண்டு. எங்களவர் பெயர் யாங்கூனுக்கு (அந்தக் கால ரங்கூன்) வடக்கே, தாக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 27,000 பெயர்கள். பெயர் பொறித்த பக்கத்தின் எண்ணும் ('ஃபேஸ்' என்று போட்டிருக்கும்) பதிவிலேயே இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்த தேதி கிடைத்ததும் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி குறித்தோம். இத்தனை வருஷமும் நாள் தெரியாமல் மகாளய அமாவாசையில்தான் அவருக்கும் எள் இறைத்துக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டும் நடக்கிறது. அமாவாசையை நிறுத்த அத்தை விடவில்லை.