நெய்வேலியில் முதலில் நீரைப் பாருங்கள்: திறந்தவெளிச் சுரங்கப் பணியைக் கற்கும் முறை

நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பயிற்சிக்காகவோ புதிய பணியிலோ வந்து சேர்கிறவர்கள், விளிம்பில் நின்று கீழே பார்த்ததும் பக்கெட் வீல் எந்திரத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். பல மாடிக் கட்டடத்தின் உயரத்தில் நின்றுகொண்டு, தன் கையின் நுனியிலுள்ள சக்கரத்தால் பூமியைச் சுரண்டி எடுக்கும் எந்திரத்தைப் பார்த்து வியப்பது இயல்புதான். ஆனால் இந்தச் சுரங்கத்தின் வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் எந்திரத்திலிருந்து தொடங்கக் கூடாது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அடைபட்டிருக்கும் நீரை அவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்பகுதியில் நிலக்கரி இருப்பது தெரியவந்ததே நீரால்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு துளைத்தபோது, நீரோடு கரிய துகள்களும் மேலே வந்தன. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) தொடங்கப்பட்டு, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் கரியைக் கண்ணால் காண 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புக்குக் காரணமானவை, கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான மேல்மண்ணும் அடியிலிருந்த நீரழுத்தமும்.

நீரழுத்தத்தின் அளவை உணர, ஒரு தாளை எடுத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கரிப் படுகையின் அடியிலுள்ள நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. ஒரு சதுர மீட்டருக்கு அது 60 முதல் 80 டன் ஆகிறது. 80 மீட்டர் மேல்மண் இருக்கும் இடத்தில், கன மீட்டருக்கு 2 டன் என்று வைத்தால்கூட, மேலிருந்து இறங்கும் எடை சதுர மீட்டருக்கு 160 டன். ஆகவே தோண்டாத நிலம் அசையாமல் இருக்கிறது. மேல்மண்ணை முழுவதும் அகற்றிவிட்டால் மிஞ்சுவது 15 மீட்டர் கரியும் அதன் கீழுள்ள களிமண்ணும்தான். அந்தக் கரியின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 டன்னே தேறும். அழுத்தத்தைக் குறைக்காமல் இந்த நிலைக்கு வந்தால், தரை உப்பி வெடித்து, மணலோடு நீர் பீறிட்டுச் சுரங்கத்தை நிரப்பிவிடும். இதனால்தான் தோண்டும் முகப்புக்கு முன்னதாகவே ஆழ்துளைக் கிணறுகளை வரிசையாக இறக்கி, இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். ஒரு டன் கரி எடுக்க அதைப்போலப் பன்மடங்கு எடையுள்ள நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

எனவே ஷிப்ட் தொடங்கியதும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது, கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டப் பதிவு. அன்றைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். கடந்த ஒரு வார எண்களையும் அருகருகே எழுதி, அந்த இடத்தில் கரிப் படுகையின் அடிமட்டம் எங்கே இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு கிணற்றில் மட்டம் ஏறியிருந்தால், அதன் பக்கத்திலுள்ள எந்தப் பம்ப் எப்போது நின்றது என்று விசாரியுங்கள். பல கிணறுகளில் சேர்ந்தாற்போல் ஏறியிருந்தால் மின்தடை ஏதும் நேர்ந்ததா என்று பாருங்கள். காரணம் தெரிந்து மட்டம் இறங்கும் வரை, கரி முகப்பை முன்னேற்றக் கூடாது. சுரங்கத்துக்கு வெளியே, ஊர்களுக்குள் இருக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் பதிவையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும் என்பேன். நாம் இறைக்கும் நீரின் தாக்கம் சுரங்க எல்லையோடு நிற்பதில்லை, ஒரு காலத்தில் தானாகவே ஊற்றெடுத்துப் பாய்ந்த கிணறுகளை நம்பிப் பயிர் செய்தவர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள்.

அடுத்து கரித் தளத்தில் நடந்து பாருங்கள். சுற்றிலும் காய்ந்திருக்கும்போது ஓரிடம் மட்டும் ஈரமாக இருந்தால் அங்கே நின்று கவனியுங்கள். கசியும் நீர் தெளிவாக இருந்தால் குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் சொல்லுங்கள்; கலங்கலாக வந்தாலோ, சோறு கொதிப்பதுபோல மணல் கொப்பளித்தாலோ, நீர் அடியிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அப்போது ஆட்களையும் எந்திரங்களையும் உடனே விலக்க வேண்டும். நீர் கொப்பளிக்கும் அந்த வாயின் மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். பம்புகளைக் கொண்டு அழுத்தத்தைக் குறைப்பதே அதற்கு மருந்து.

மழைநீர் வேறு கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் விளிம்பைச் சுற்றிய வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு பெஞ்சும், அதாவது படிபோல் வெட்டிய ஒவ்வொரு தளமும், வாய்க்காலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் பெய்த பெருமழையைக் கண்டவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்லத் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் பெஞ்ச் விளிம்புக்கு இணையாக விரிசல் ஏதும் ஓடுகிறதா என்று தேடுங்கள். கண்டால், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். நான்கு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். தூரம் கூடியிருந்தால் சரிவு தொடங்கிவிட்டது. மேலும் கீழும் உள்ள வேலையை நிறுத்தச் சொல்ல அந்த ஓர் அளவே போதும்.

இனி மேல்மண். ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ ஐந்து முதல் ஆறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டியிருப்பதால், இங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி மண் வேலையே. மணற்கல் கடினமாக உள்ள இடங்களில் துளையிட்டு வெடி வைப்பார்கள். பாறையைத் தூக்கி எறிவதற்காக அன்றி, சக்கரத்தின் பற்கள் இறங்கும் அளவுக்கு நெகிழ்த்துவதற்காகவே அந்த வெடி. பற்கள் விரைவில் தேய்ந்துபோகும். ஷிப்ட் மாறும்போது பற்களைப் பார்க்கத் தவறாதீர்கள். மழுங்கிய பல்லோடு ஓட்டினால் எந்திரம் முழுவதும் அதிரும்.

சக்கரம் வெட்டிய மண், கன்வேயர் பெல்ட் வழியாகப் போய், ஸ்ப்ரெடர் எந்திரத்தால் கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டப்படுகிறது. இந்த வரிசையை இயக்கும் முறையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தொடங்கும்போது கடைசியில் இருக்கும் ஸ்ப்ரெடரை முதலில் ஓடவிட்டு, பிறகு பெல்ட்டுகளைப் பின்னிருந்து ஒவ்வொன்றாக இயக்கி, கடைசியாகத்தான் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். நிறுத்தும்போது சக்கரம் முதலில் நிற்க வேண்டும், பெல்ட்டில் இருக்கும் மண் முழுவதும் வடிந்த பிறகே மற்றவை நிற்க வேண்டும். வரிசை மாறினால், இரண்டு பெல்ட்டுகள் சந்திக்கும் இடத்தில் மண் குவிந்து, அதை அடுத்த பெல்ட்டில் இறக்கும் சட்டியை அடைத்துவிடும். மழைக்காலத்துக் களிமண் என்றால் அதைக் கடப்பாறையால் பெயர்த்தெடுப்பதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும்.

பெல்ட்டின் ஓரமாக நடக்கும்போது கண்ணைவிடக் காது அதிகம் உதவும். ஓடும் ரோலர்களின் சீரான இரைச்சலுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் கிறீச்சிடும் ஒலி கேட்டால், ஒரு ரோலரின் பேரிங் போய்விட்டது. ஒலி நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ரோலர் சுழலாமல் சிக்கி, பெல்ட் அதன்மேல் உராய்ந்து சூடேறுகிறது. அடியில் கரித்தூள் குவிந்திருந்தால் அங்கேதான் தீப்பிடிக்கும். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த ஆபரேட்டர் ஒருவர், இரவு ஷிப்டில் டார்ச்சை அணைத்துவிட்டுச் சில நொடிகள் நின்று கேட்டுவிட்டே அடுத்த பகுதிக்குப் போவார். எவ்வளவு அவசரமானாலும் ஓடும் பெல்ட்டுக்குள் கையையோ மண்வெட்டியையோ விடாதீர்கள். பெல்ட்டை அவசரமாக நிறுத்துவதற்கான இழுவைக் கயிற்றை இழுத்து நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே தொடுங்கள்.

கரி முகப்பில் வேறொரு கவனம் வேண்டும். நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். வெயிலில் உலர்ந்ததும் அது பொடிந்து, காற்றை உள்ளிழுத்துத் தானாகவே சூடேறும் தன்மையுடையது. ஆகவே தேவைக்கு மிகுந்த பரப்பைத் திறந்து போடாமல், மின்நிலையம் கேட்கும் அளவுக்கே திறக்க வேண்டும். குவியலைத் தளர்வாக விடாமல் அழுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். விடியற்காலையில் குவியலின் ஓரிடத்தில் மட்டும் ஆவி எழுந்தாலோ, மண்ணெண்ணெய் போன்ற நெடி வந்தாலோ, உள்ளே சூடு பிடித்திருக்கிறது. அதைத் திடீரெனத் தோண்டித் திறந்தால் காற்றுப் புகுந்து தழலாகிவிடும் என்பதால், தண்ணீர்க் குழாய் ஆயத்தமாக நிற்காமல் கை வைக்கக் கூடாது.

சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்புக்கான சட்டமும் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளும் இங்கே செல்லும். தொழிற்பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் முடியாமல் யாரையும் கீழே இறக்கக் கூடாது, நீங்கள் அழைத்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

ஷிப்ட் முடிந்து பொறுப்பை ஒப்படைக்கும்போது, பதிவேட்டில் "எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்திடாதீர்கள். எந்தப் பம்ப் எத்தனை மணிக்கு நின்று எப்போது ஓடியது, விரிசலின் இரண்டு அளவுகள், எத்தனையாவது ரோலரை மாற்ற வேண்டும், எந்தக் குவியலில் ஆவி கண்டீர்கள் என்று இடத்தோடும் நேரத்தோடும் எழுதுங்கள். அடுத்து வருகிறவரை அந்த ஈரமான இடத்துக்கு நேரில் அழைத்துச் சென்று காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.