சாவி திருப்பினால் சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகும் டிராக்டர்: ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

காலையில் செட்டில் ஒரே திருப்பில் கிளம்பிய டிராக்டர், குலை ஏற்ற நிறுத்தியபின் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மலேசியாவின் தெலுக் இந்தான், கோலசிலாங்கூர் பக்கச் செம்பனைத் தோட்டங்களில் டிராக்டரோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. புது ஸ்டார்ட்டர் வாங்கும் முன் வயரையும் எர்த்தையும் (பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு சேர்க்கும் இணைப்பு) அளந்துவிடுங்கள். அதற்கு ஒரு டிஜிட்டல் மீட்டரும் சாவி திருப்ப ஓர் ஆளும் போதும்.

முதலில் பாதுகாப்பு. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பிடிஓ (பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு) நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டு வையுங்கள். இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்ய, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள். ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அப்படிச் செய்தால், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவிடாத நியூட்ரல் சுவிட்சுக்கு வேலையில்லாமல் போகும். கியரில் இருந்தால், பக்கத்தில் நிற்பவர் மேல் டயர் ஏறிவிடும்.

1. சத்தத்தைக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் சாவி, பியூஸ், ரிலே, நியூட்ரல் சுவிட்ச் பக்கம் பாருங்கள். ‘டக்டக்டக்’ என்று அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஒரே ஒரு ‘டக்’ என்றால் பெரிய வயர், எர்த் அல்லது சோலினாய்டு (சாவி திருப்பியதும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்). நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது டீசல் கோளாறு, இங்கே சேராது.

2. பேட்டரி. ஓர் இரவு ஆறிய 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்துவிட்டுத் தொடருங்கள். சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் எக்ஸ்கவேட்டரில் இரண்டையும் தனித்தனியே அளக்கவும். ஒன்று நோஞ்சானாக இருந்தாலே போதும், வண்டி படுத்துவிடும்.

3. எர்த் பக்கம். இங்கே அவசரப்படாதீர்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் ஈய முனையிலேயே குத்துங்கள், கிளாம்பில் வேண்டாம். மற்றதை ஸ்டார்ட்டர் உடம்பில் வைத்து, ஐந்து வினாடி சுற்றச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. இரண்டாவது முள்ளை கிளாம்ப், வயர் நுனி வளையம், சேசிஸ், இன்ஜின் என்று நகர்த்திக்கொண்டே சுற்றுங்கள். எண் எங்கே குதிக்கிறதோ அந்த இணைப்புதான் குற்றவாளி.

வயரைக் கழற்றி ஓம் பார்த்தால் இது தெரியாது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகச் சிறியது; ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் ‘நல்லது’ என்று காட்டும். ஸ்டார்ட்டர் 400 ஆம்பியர் இழுக்கும்போது, 0.0025 ஓம் தடையே 1 வோல்ட்டைத் தின்றுவிடும். உரம் ஏற்றும் வண்டிகளில் உப்பு வளையத்துக்குள் இறங்கி, ரப்பர் உறைக்குள்ளேயே தாமிரம் பச்சைப் பொடியாகிவிடும். வெளியே பார்த்தால் வயர் புதுசு மாதிரி இருக்கும். நுனியை வளைத்துப் பாருங்கள், நொறநொறவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. பிளஸ் பக்கம். பேட்டரி பிளஸ் முனைக்கும், அதன் வயர் வந்து சேரும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே, சுற்றும்போது 0.5-க்குள் வேண்டும். அது சரியாக இருந்தும் ‘டக்’ மட்டும் வந்தால், சோலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே அளங்கள். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது 12 வோல்ட் அப்படியே நின்றால், உள்ளேயிருக்கும் தாமிரத் தட்டு எரிந்துவிட்டது. பல ஸ்டார்ட்டர்களில் அந்தத் தட்டை மட்டும் மாற்றலாம்.

5. சின்ன வயர். சாவியைத் திருப்பும்போது சோலினாய்டின் சின்ன முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். குறைந்தால் பின்னோக்கிப் போங்கள். சாவியைப் பிடித்தபடி கியர் லீவரை லேசாக ஆட்டும்போது ஸ்டார்ட்டர் எழுந்தால், நியூட்ரல் சுவிட்சைச் சரிசெய்யுங்கள். சீட்டுக்கடியில் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

சூட்டில் மட்டும் மக்கர் செய்வதற்குக் காரணம் இங்கேதான் பெரும்பாலும் கிடைக்கும். காலையில் இருந்ததைவிட 60 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் சோலினாய்டுக்குள் இருக்கும் தாமிரச் சுருளின் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். குறைந்த வோல்ட்டில் காலையில் இழுத்த சோலினாய்டு, மதியம் இழுக்காது. ஆகவே மீட்டரை டூல்பாக்ஸிலேயே வைத்து, கோளாறு வரும் அந்த நேரத்தில், அந்த இடத்திலேயே அளங்கள்.

சுத்தம் செய்யும்போது மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடா உப்பு கலந்து முனைகளைக் கழுவுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகக்கூடாது. எர்த் வளையம் உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கியபின் கிரீஸ் தடவுங்கள். பிறகு மூன்றாம் படியை மறுபடி செய்து, எண் 0.3-க்குள் வந்ததா என்று பார்த்துவிட்டு வண்டியை வேலைக்கு விடுங்கள்.